மூன்று டன் போட்டை 2,000 கிலோமீட்டர் இழுத்துப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடாவருடம் ஜூலையில், மெல்பர்ன் குளிர் எலும்புக்குள் இறங்கும் சமயத்தில், நானும் மைத்துனரும் லேண்ட்குரூசரின் பின்னால் எங்கள் மீன்பிடி போட்டை மாட்டிக்கொண்டு குயின்ஸ்லாந்தில் இருக்கிற செவன்டீன் செவன்டிக்குப் புறப்பட்டுவிடுவோம். கேப்டன் குக் 1770ஆம் ஆண்டு கரையிறங்கிய இடம், அதனால் ஊருக்கே அந்த எண்தான் பெயர். போக ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர், வர அதே அளவு. எங்கள் வட்டத்தில் யாராவது போட் வாங்கினால் முதல் போன் எனக்குத்தான் வரும், கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். சட்டமும் கணக்கும் ஆஸ்திரேலியாவுக்கானவை.

வண்டி 3,500 கிலோ இழுக்கும் என்று கம்பெனியே சொல்கிறது. என் போட் 3,000 கிலோதான். அப்புறம் என்ன கவலை?

எல்லாரும் இந்த ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். லேண்ட்குரூசர், பேட்ரோல், ரேஞ்சர், டி-மாக்ஸ் எல்லாவற்றுக்கும் 3,500 என்றுதான் போட்டிருக்கும். அது ட்ரெய்லருக்கான உச்சவரம்பு. அதோடு இன்னும் இரண்டு வரம்புகள் வண்டிக்கு இருக்கின்றன, அவற்றில்தான் மாட்டிக்கொள்வோம்.

முதலாவது ஜிவிஎம். வண்டி, அதில் இருக்கிற ஆட்கள், சாமான், டீசல், எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்ற வரம்பு. இரண்டாவது ஜிசிஎம், அதாவது வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கான வரம்பு. என்னுடையது 200 சீரீஸ் டீசல். ஜிவிஎம் 3,350 கிலோ, ஜிசிஎம் 6,850 கிலோ. வண்டியின் சொந்த எடை சுமார் 2,740. அப்படியானால் ஏற்றுவதற்கு மிச்சம் 610 கிலோ. நிறைய என்று தோன்றும். ஆனால் ட்ரெய்லரின் மூக்கு டோபாலின் (வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டுகிற இரும்புக் குண்டின்) மேல் அழுத்துகிற பாரமும் இந்த 610க்குள்தான் அடங்க வேண்டும். என் போட்டுக்கு அது 280 கிலோ. மிச்சம் 330. நாங்கள் இரண்டு பேர் 165 கிலோ. இப்போது 165. முன்னால் மாட்டிய இரும்பு புல்பார், டோபாலைத் தாங்குகிற டோபார், இரண்டாவது பேட்டரி, ஃப்ரிட்ஜ் என்று கழித்துக்கொண்டே வாருங்கள். துணிப் பைகளை வைக்கும்போது வரம்பைத் தொட்டுவிடுவோம். பின்சீட்டில் மூன்று பிள்ளைகள் வேறு வந்தால் கணக்கு உடைந்துவிடும்.

இரட்டை கேபின் பிக்கப்புகளில் ஜிசிஎம்தான் முதலில் கழுத்தைப் பிடிக்கும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: ஜிசிஎம் 6,000, வண்டியின் சொந்த எடை 2,250 என்று வைத்துக்கொள்வோம். 3,500 கிலோ ட்ரெய்லரை மாட்டினால் வண்டிக்கு மிஞ்சுவது 2,500. அதாவது ஆளும் சாமானும் சேர்ந்து 250 கிலோ, அவ்வளவுதான். விளம்பரத்தில் இந்தக் கழித்தல் இருக்காது. உங்கள் வண்டியின் எண்கள் கையேட்டில் இருக்கும், ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள்.

போட் 1,400 கிலோ என்று விற்றவர் சொன்னார். அதை நம்பலாமா?

அவர் சொன்னது பொய்யாக இருக்காது, ஆனால் அது வெறும் உடலின் எடை. எஞ்சின் இல்லை, பெட்ரோல் இல்லை, ட்ரெய்லரும் இல்லை. என்னுடையது ஆறரை மீட்டர் ஃபைபர் போட். உடல் 1,400. பின்னால் தொங்கும் 250 குதிரைசக்தி எஞ்சின் 260. இரட்டை அச்சு ட்ரெய்லர் 650. 250 லிட்டர் பெட்ரோல் 185 கிலோ. இரண்டு பேட்டரி 50, நங்கூரமும் சங்கிலியும் 30. இதுவே 2,575 ஆகிவிட்டது. அதற்கு மேல் உயிர்காப்பு உடைகள், ஐஸ் பெட்டி, தூண்டில்கள், கருவிப் பெட்டி, இரண்டு உபரிச் சக்கரம், கூரைத் துணி, "இதுவும் கிடக்கட்டும்" என்று நாம் போட்டுவைக்கிற ஒவ்வொன்றும் இருக்கிறது. எடைமேடையில் ஏற்றியபோது 2,870 காட்டியது. அங்கே நிற்கும்வரை 2,400 இருக்கும் என்றுதான் நான் மனதார நம்பிக்கொண்டிருந்தேன்.

எடைமேடையில் என்ன செய்ய வேண்டும்?

மூன்று தடவை நிறுக்க வேண்டும். வண்டியில் ஆட்கள், முழு டாங்க் டீசல், பயணச் சாமான் எல்லாம் இருக்க வேண்டும், வெறும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பலன் இல்லை.

முதலில் மாட்டியபடியே இரண்டையும் சேர்த்து நிறுங்கள், அதை ஜிசிஎம்மோடு ஒப்பிடுங்கள். அப்புறம் வண்டி மட்டும் மேடையில், ட்ரெய்லர் சக்கரங்கள் மேடைக்கு வெளியே, ஆனால் மாட்டியபடி. டோபால் பாரமும் சேர்ந்து வருவதால் இந்த எண் ஜிவிஎம்மைத் தாண்டக்கூடாது. கடைசியாக ட்ரெய்லரைக் கழற்றி, மூக்குச் சக்கரம் உட்பட முழுவதையும் மேடையில் நிறுத்தினால் கிடைப்பது ட்ரெய்லரின் முழு எடை. ட்ரெய்லரின் தகட்டில் ஏடிஎம் என்று ஒரு எண் அடித்திருக்கும், அதற்குள் வர வேண்டும். அதே தகட்டில் ஜிடிஎம் என்றும் இருக்கும், அது மாட்டிய நிலையில் ட்ரெய்லர் சக்கரங்கள் மட்டும் சுமக்கிற எடை. பிரேக் விதிகள் ஜிடிஎம்மை வைத்துத்தான்.

மூக்குச் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தினால் டோபால் பாரமும் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். மொத்தம் அரை மணி நேர வேலை. போட் வைத்திருக்கிற நண்பர்களில் இதைச் செய்தவர்களைவிடச் செய்யாதவர்கள்தான் அதிகம், எனக்கு அது உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அளவுக்கு மீறிய எடையோடு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும்.

டோபால் பாரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

இங்கே பொதுவாகச் சொல்வது ட்ரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு. போட்டின் பாரமெல்லாம் பின்னால் எஞ்சினில் இருப்பதால் பலருக்கு ஐந்து, ஆறு சதவீதத்தில் நிற்கும். அது எனக்கு மனசுக்கு ஒப்பாது. மூக்கு லேசாக இருந்தால் வாலாட்டம் தொடங்கும், நெடுஞ்சாலை வேகத்தில் ட்ரெய்லர் பக்கவாட்டில் வீச ஆரம்பித்து வண்டியையே இழுத்துப்போய்க் கவிழ்த்துவிடக்கூடும். பாரம் குறைவாக இருந்தால் வின்ச் (போட்டை ட்ரெய்லர் மேல் இழுக்கிற கைச்சுழலி) நிற்கிற தூணை ட்ரெய்லரில் கொஞ்சம் முன்னால் தள்ளி, போட்டையும் முன்னே கொண்டுவரலாம். எனக்கு ஐந்து சென்டிமீட்டர் நகர்த்தியதே போதுமாக இருந்தது. அதற்காக வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து முன்சக்கரங்கள் லேசாகும் அளவுக்கும் ஏற்றக்கூடாது, ஸ்டீயரிங் பிடிப்பு குறைந்துவிடும். டோபாருக்கும் அதிகபட்ச பாரம் இவ்வளவு என்று அதன் தகட்டில் இருக்கும், பாருங்கள்.

கனமான ஐஸ் பெட்டியைப் போட்டின் பின்மூலையில் வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அச்சுக்கு நேர் மேலே அல்லது கொஞ்சம் முன்னால் வையுங்கள்.

ஓடும்போது ஆட ஆரம்பித்துவிட்டால்?

வண்டி பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை ஆட்டத்துக்கு எதிராக வெட்டவும் வேண்டாம். நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், உள்ளே இருக்கிற கன்ட்ரோலரில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்துங்கள். பின்னால் இருப்பது பிடித்து இழுக்கும்போது இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கை தேடாமல் போக வேண்டும், அதனால் ஆளில்லாத சாலையில் நாலைந்து தடவை பழகுங்கள்.

ட்ரெய்லருக்கு எந்த மாதிரி பிரேக்?

சட்டம் இப்படி: ஜிடிஎம் 750 கிலோவரை பிரேக் தேவையில்லை. 2,000 கிலோவரை ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களுக்காவது பிரேக் வேண்டும், வண்டி நிற்கும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளுகிற விசையிலேயே வேலை செய்கிற வகையும் செல்லும். 2,000ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்க முடிய வேண்டும், ட்ரெய்லர் கழன்றுபோனால் தானாகவே பிடித்து 15 நிமிடமாவது விடாமல் நிற்க வேண்டும். அதற்கு ட்ரெய்லரிலேயே தனி பேட்டரி இருக்கும்.

கேரவன்களில் இருக்கும் மின்சார டிரம் பிரேக்கை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். உப்புத் தண்ணீரில் முக்கி எடுக்கிற ட்ரெய்லரில் அந்தக் காந்தமும் கம்பியும் சீக்கிரமே அரித்துப்போகும். நம் தேவைக்குச் சரியானது எலெக்ட்ரிக்-ஹைட்ராலிக். மின்சாரப் பகுதி தண்ணீர் படாத உயரத்தில் ட்ரெய்லரின் மூக்கில் இருக்கும், சக்கரத்தில் இருப்பது டிஸ்க் பிரேக் மட்டும். விலை அதிகம்தான். ஆனால் மூன்று டன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு தடவை அவசரமாக நிறுத்திப் பார்த்தவர்கள் இந்தச் செலவைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

சங்கிலி, டோபால்?

50 மில்லிமீட்டர் டோபால் 3.5 டன்வரை, அதற்கு மேல் 70 மில்லிமீட்டர். ட்ரெய்லர் 2,500 கிலோவைத் தாண்டினால் வண்டியோடு பிணைக்கிற பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, குறுக்காக மாட்ட வேண்டும், கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சிலுவையில் தங்கும். சங்கிலியை மாட்டுகிற ஷாக்கிள் வளையம் எடை வரம்பு பொறித்ததாக இருக்கட்டும்.

தார் ரோட்டில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டினால் இன்னும் பலமாக இழுக்குமா?

இழுக்காது, கெட்டுத்தான் போகும். பகுதிநேர நான்கு சக்கர வண்டிகளில், அதாவது ஹைலக்ஸ் மாதிரி லீவர் அல்லது திருகு போட்டு மாற்றுகிற வண்டிகளில், காய்ந்த தார் ரோட்டில் அதைப் போடவே கூடாது. திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும், நடுவில் அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் கியர் பெட்டிக்குள் முறுக்கேறும். லேண்ட்குரூசர் 200, 300 இரண்டும் முழுநேர நான்கு சக்கரம், அவற்றுக்கு நடு டிஃபரன்ஷியல் இருப்பதால் இந்தப் பிரச்சினை இல்லை.

நான்கு சக்கரம் தன் மதிப்பைக் காட்டுகிற இடம் ராம்ப், அதாவது போட்டைத் தண்ணீரில் இறக்கி ஏற்றுகிற சிமென்ட் சரிவு. கடல் வற்றிய நேரத்தில் ராம்பின் கீழ்ப்பகுதி பச்சைப் பாசியாகக் கிடக்கும். ஈரப் போட்டை வெளியே இழுக்கும்போது இரண்டு சக்கர வண்டி அங்கே சுற்றிக்கொண்டே நிற்கும். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டுகிற கியர் நிலை) போட்டு, முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் லேண்ட்குரூசர் படியேறுகிற ஆள் மாதிரி நிதானமாக ஏறிவிடும். நீண்ட பயணத்துக்கு நான் இந்த வகை வண்டியைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் அதன் சொந்த எடை. பின்னால் மூன்று டன் இருக்கும்போது முன்னால் இருப்பதும் கனமாக இருந்தால்தான் ட்ரெய்லர் சொல்பேச்சு கேட்கும்.

எந்த கியரில் ஓட்டுவது? டீசல் எவ்வளவு குடிக்கும்?

ஆட்டோமேட்டிக்தானே என்று டியில் போட்டுவிட்டு உட்காரக்கூடாது. சின்ன மேட்டுக்கும் ஆறாவதுக்கும் ஐந்தாவதுக்கும் மாறி மாறித் தாவும், ஒவ்வொரு தாவலிலும் கியர் எண்ணெய் சூடாகும். கியரை நாமே தேர்ந்தெடுக்கிற எஸ் நிலைக்குக் கொண்டுபோய் ஐந்திலோ நான்கிலோ பிடித்துவையுங்கள். இறக்கத்திலும் கியர்தான் முதல் பிரேக். சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், நடுச் சரிவில் யோசிக்க ஆரம்பித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும்.

போட் இல்லாமல் என் வண்டி 100 கிலோமீட்டருக்கு 12, 13 லிட்டர். போட்டோடு 21 முதல் 23. எதிர்க்காற்று என்றால் 25ம் போகும். இரண்டு டாங்கும் சேர்த்து 138 லிட்டர், அதனால் 500 கிலோமீட்டரில் எங்கே இருந்தாலும் நிரப்பிவிடுவேன். போட்டின் பெட்ரோலை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போடுங்கள், 185 கிலோவைச் சும்மா சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் டாங்க் காலியாகும்போது டோபால் பாரமும் மாறும், அந்த நிலையிலும் ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் எது பழுதாகும்?

வண்டி இல்லை, ட்ரெய்லர்தான். அதிலும் பேரிங். நாம் வண்டிக்கு பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்று பார்த்துப் பார்த்துச் செய்வோம், ட்ரெய்லரை வீட்டின் பக்கவாட்டில் தள்ளிவைத்துவிட்டு மறந்துவிடுவோம். மூன்று டன்னைச் சுமக்கிறது அந்த நான்கு ஹப்புகள்தான், அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கிற சக்கரக் குடங்கள்.

போட் ட்ரெய்லரின் பேரிங்குக்கு எமன் கடல்தண்ணீர். நெடுந்தூரம் ஓடி ஹப் சூடாக இருக்கும். அப்படியே ராம்பில் பின்னால் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், அந்த இழுப்பில் பின் சீல் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போய்விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து, துரு பிடித்த உருளைகளோடு நீங்கள் நெடுஞ்சாலையில் ஏறும்போதுதான் தெரியும்.

எங்கள் இரண்டாவது பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கிளம்பும் முன் ஒரு பட்டறையில் நான்கு ஹப்புக்கும் புது கிரீஸ் போடச் சொல்லிப் பணமும் கட்டியிருந்தோம். டப்போ தாண்டி கில்காண்ட்ரா வருமுன் ஒரு ஓய்விடத்தில் நிறுத்தி, வழக்கம்போல ஹப்புகளைக் கையால் தொட்டுக்கொண்டே வந்தேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. இடது பின் ஹப்பில் கையை வைக்கவே முடியவில்லை. மூடியைத் தட்டிக் கழற்றினால் உள்ளே இருந்தது பால் காப்பி நிறத்தில் ஒரு குழம்பு. கிரீஸில் தண்ணீர் கலந்தால் அந்த நிறம்தான் வரும். வெளிப் பேரிங்கை எடுத்துத் துடைத்துப் பார்த்தோம், உருளைகளில் சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது. அந்த ஒரு ஹப்பை யாரும் திறந்திருக்கவே இல்லை. இன்னும் ஐம்பது கிலோமீட்டர் ஓடியிருந்தால் சக்கரம் அச்சைவிட்டுப் போயிருக்கும், எதிரே யார் வந்துகொண்டிருந்திருப்பார்களோ. மைத்துனர் அன்று மாலை வரை பேசவே இல்லை.

அதிலிருந்து பேரிங் வேலையை நாங்களே செய்கிறோம். வருடத்துக்கு ஒரு முறை, பயணத்துக்கு முன்பு. பழைய கிரீஸ் முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒரு புள்ளி துரு இருந்தாலும் பேரிங்கையும் அதன் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றிவிடுவோம். கடலுக்கு ஏற்ற கிரீஸ், புது சீல். நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் திருகும் அளவுக்கு மட்டும் திரும்ப இறுக்கி ஸ்ப்ளிட் பின் போட வேண்டும். முறுக்கி வைத்தால் சூடாகும், தொளதொளவென்று விட்டால் ஆடும்.

வண்டியில் உபரியாகப் பேரிங்கை மட்டும் கொண்டுபோகாதீர்கள். கிரீஸ் அடைத்து, வளையம் அடித்து, சீல் போட்ட முழு ஹப்பாக ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். ரோட்டோரத்தில் சுத்தியலை வைத்துக்கொண்டு பழைய வளையத்தை அடித்து எடுப்பது சித்திரவதை. எங்கள் ட்ரெய்லரில் ஹப்பும் பிரேக் டிஸ்க்கும் ஒரே வார்ப்பு, காலிப்பரை மட்டும் அவிழ்த்து நகர்த்திவிட்டு ஹப்பை மாற்றினால் முக்கால் மணி நேரத்தில் கிளம்பலாம்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள், அல்லது சின்ன வெப்பமானித் துப்பாக்கியால் அளவெடுங்கள். நான்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

டயர்?

போட் ட்ரெய்லரின் டயர் தேய்ந்து சாகாது, வயதாகித்தான் சாகும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. ஆறு ஏழு வருடம் ஆனதும் கோடுகள் ஆழமாக இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன். கார் டயர் வேண்டாம், இலகு லாரிக்கான எல்டி வகை வாங்குங்கள். காற்றைக் காலையில் குளிர்ந்த நிலையில் பாருங்கள், ஓடிய பிறகு நான்கு முதல் ஆறு பிஎஸ்ஐ ஏறினால் சரி, அதைவிட அதிகம் ஏறினால் தொடக்கத்தில் காற்று குறைவாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். வீல் நட்டுகளைக் கிளம்பிய முதல் நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். வண்டியின் ஜாக்கி ட்ரெய்லர் அச்சுக்கு அடியில் போகிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிடுங்கள், பலபேருக்குப் போகாது.

போட்டை ட்ரெய்லரில் எப்படிக் கட்டுவது?

வின்ச் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். முன்னால் தனியாக ஒரு சங்கிலி. பின்னால் இரண்டு மூலைக்கும் ராட்செட் பட்டை, நேராகக் கீழே ட்ரெய்லர் சட்டத்துக்கு. முதல் முப்பது கிலோமீட்டரில் போட் குலுங்கி உட்கார்ந்துவிடும், பட்டைகள் தளரும், நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு ஹைட்ராலிக் குழாயே தாங்கட்டும் என்று விடக்கூடாது, ஒவ்வொரு குழியிலும் அந்த 260 கிலோ ஆடும், அடி வாங்குவது போட்டின் பின்சுவர். இடையில் ஒரு தாங்குகட்டை கொடுங்கள். ப்ரொப்பெல்லருக்குப் பளிச்சென்று ஒரு உறை, பின்னால் வருகிறவருக்குத் தெரிய.

கூரைத் துணியையும் பிளாஸ்டிக் திரைகளையும் கழற்றி உள்ளே வையுங்கள். காற்றில் பறக்கக்கூடியது எதுவும் மேலே கிடக்கக்கூடாது, மெத்தை, மூடி, வாளி எல்லாமே. போட்டின் வடிகால் துளை அடைப்பான்களைக் கழற்றிவிடுங்கள், மழை பெய்தால் போட்டுக்குள் நூறு லிட்டர் தேங்கினால் நூறு கிலோ கூடிவிடும். போட்டின் அகலமும் 2.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும், மிஞ்சினால் அதிக அகல வாகனங்களுக்கான தனி விதிகள் வந்துவிடும்.

எந்த வழி நல்லது?

கடலோரமாக சிட்னி வழியாகப் போகலாம், பசிபிக் நெடுஞ்சாலை 2020 கடைசியில் முழுவதும் இரட்டைச் சாலையாகிவிட்டது. ஆனாலும் சிட்னியையும் பிரிஸ்பேனையும் போட்டோடு கடப்பது எனக்குப் பிடிக்காது. நாங்கள் உள்நாட்டு வழிதான். ஷெப்பர்டன் வழியாக டோகும்வால், அங்கிருந்து நியூவெல் நெடுஞ்சாலை, அது கூண்டிவின்டி வரை 1,060 கிலோமீட்டர் ஒரே கோடு மாதிரி போகும். அப்புறம் லைக்கார்ட் நெடுஞ்சாலையில் மைல்ஸ், டாரூம், பிறகு பிலோயீலா வழியாகக் கடலுக்கு. நான்கு நாள். ராத் தங்குவது வெஸ்ட் வயலாங், நாரப்ரை, டாரூம். பார்க்ஸ் தாண்டியதும் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, போட்டோடு திரும்பவும் இடம் இருக்கும், கால் நீட்ட நல்ல இடம்.

பிரிஸ்பேன் பக்கம் போகிறவர்கள் டூவூம்பா மலையிறக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள். பழைய ரோடு பத்து சதவீதம் வரை சரிவு. 2019 செப்டம்பரில் திறந்த புறவழிச்சாலையில் அதிகபட்சம் ஆறரை. சுங்கம் கட்ட வேண்டும், கட்டுங்கள்.

நியூவெல்லின் வடபகுதி கரிசல் மண். மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால் ரோடு அலை அலையாக எழும்பியிருக்கும், மோரி பக்கம் அது நன்றாகத் தெரியும். அங்கே ட்ரெய்லரின் மூக்கு குதிரை மாதிரி எகிறும், வேகத்தை 80க்குக் குறைத்துவிடுங்கள். வெள்ளமும் பார்க்க வேண்டும், 2022 நவம்பரில் ஃபோர்ப்ஸ் ஊரே மூழ்கியது.

என்ன வேகம்? லாரிகள் வந்தால்?

நியூ சவுத் வேல்ஸில் ஜிசிஎம் 4.5 டன்னைத் தாண்டினால் 110 பலகை இருந்தாலும் நமக்கு 100தான். நான் 90இல் போகிறேன். பத்து கிலோமீட்டர் வேகம் குறைந்தால் டீசலும் மிச்சம், நிறுத்துகிற தூரமும் குறையும்.

நியூவெல்லில் 36 மீட்டர் நீள ரோடு ட்ரெயின்கள், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட ட்ரெய்லரை இழுக்கிற லாரிகள், ஓடும். அவை எதிரே வரும்போது முதலில் காற்று தள்ளும், தாண்டியதும் உள்ளே இழுக்கும். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பின்னால் ஒன்று வந்தால் யுஹெச்எஃப் ரேடியோவில் 40ஆம் சேனலில் கூப்பிடுங்கள், "போட் ட்ரெய்லர், உங்களுக்கு இடம் விடுகிறேன்" என்று ஒரு வார்த்தை. அவர் வெளியே வந்ததும் ஆக்சிலரேட்டரை லேசாக விடுங்கள், பிரேக் வேண்டாம். அந்த ஓட்டுநர்கள் அங்கே தினமும் உழைக்கிறவர்கள், நாம் மீன் பிடிக்கப் போகிறவர்கள், வழிவிடுவது நம் கடமை.

மாலை ஐந்துக்குள் நிறுத்திவிடுங்கள். கூனாபராபிரனுக்கும் நாரப்ரைக்கும் இடையே பில்லிகா காடு, அந்தியில் கங்காருக்கள் ரோட்டோரம் வந்து நிற்கும். மூன்று டன் பின்னால் இருக்கும்போது திடீரென்று விலக முடியாது.

என் போட் 3.5 டன்னுக்கு மேல். என்ன செய்வது?

ராம் 1500, எஃப்-150 மாதிரி பெரிய பிக்கப்புகள் 70 மில்லிமீட்டர் டோபாலோடு 4,500 கிலோ இழுக்கும். வருடத்துக்கு ஒரு பயணம்தான் என்றால் வண்டியை மாற்றாமல் போட்டை லாரியில் அனுப்பிவிட்டு நீங்கள் விமானத்தில் போங்கள்.

போய்ச் சேர்ந்த அன்றே தண்ணீரில் இறக்கலாமா?

ஆசை இருக்கும், தெரியும். நான்கு நாள் ஓட்டிவந்து பஸ்டர்ட் விரிகுடா எதிரே பளபளவென்று கிடக்கும்போது கை நிற்காது. நாங்கள் மறுநாள் காலைதான் இறக்குவோம். அன்றே இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஹப் கைக்குக் குளிர்ச்சியாகும்வரை அரை மணி நேரமாவது ராம்புக்கு வெளியே நிறுத்திவையுங்கள். அந்த நேரத்தில் பட்டைகளை அவிழ்க்கலாம், அடைப்பான்களைப் போடலாம், எஞ்சின் தாங்குகட்டையை எடுக்கலாம். விளக்கு பிளக்கைக் கழற்றிய பிறகே பின்னால் இறங்குங்கள். வின்ச் கொக்கியையும் முன் சங்கிலியையும் தண்ணீர் விளிம்புக்கு வந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும், சரிவின் மேலேயே அவிழ்த்தால் போட் வழுக்கி சிமென்ட்டில் உட்கார்ந்துவிடும்.

போட் மிதந்ததும் ட்ரெய்லரை மேலே இழுத்து, பக்கத்துக் குழாயில் ஹப்பையும் டிஸ்க்கையும் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் கழுவுங்கள். அதற்குப் பிறகு தூண்டிலை எடுங்கள்.